நான் கொட்டிய மண்

கார் துறைமுக ரோட்டை விட்டு இடதுபுறம் திரும்பியதுமே இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏளா ரம்யா, இங்கனயா வீடு பாத்திருக்க?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதாம்ப்பா சொல்லல" என்று சிரித்தாள் என் மகள்.

முப்பது வருஷமாகச் சொந்த டிப்பர் லாரி ஓட்டுகிறேன். வேல்ராஜ் என்றால் வாய்க்குப் பயந்து ஒதுங்குவார்கள். அங்கே இறங்கியதும் அந்த வாய் உலர்ந்துவிட்டது. நாலு மாடிக் கட்டடம் ஒன்று முடிந்து ஆள் குடியிருந்தது. பக்கத்தில் இன்னொன்றுக்குப் பூச்சு வேலை. அதில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு ரம்யாவுக்கு. மறுநாள் பத்திரப்பதிவு.

சைட் ஆபீஸில் ஃபைலை விரித்தாள். "ரெண்டு பேங்க்ல கேட்டோம்ப்பா. ஒண்ணுல வட்டி கம்மி. ஆனா மண்ண அவங்க ஆளே வந்து டெஸ்ட் எடுக்கணும்னு இழுத்தாங்க. இதுல வட்டி கொஞ்சம் கூட, ஆனா பில்டர் எடுத்த மண் ரிப்போர்ட்டே போதும்னுட்டாங்க. பத்தே நாள்ல லோன் வந்துட்டு. இருபது வருஷம், ரெண்டு பேர் சம்பளத்துல கட்டிருவோம்."

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். மண் எடுக்க மூன்று இடத்தில் துளை போட்டிருந்தார்கள். மூன்றும் ரோட்டோரம்.

"உள்ள தள்ளி ஒண்ணுகூடப் போடலயேளா?"

"எதுக்குப்பா? இது நீங்க நிரப்புன இடம்லா! அதாம் கண்ண மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுத்தேன். எங்கப்பா வேல சுத்தமா இருக்கும்னு உங்க மருமகன்ட்டயும் சொன்னேன்."

அடிப்பாவி என்று கத்த வாயெடுத்தேன். பாவி நான்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இது உப்பளம். மேடாக்குவதென்றால் முதலில் அடியில் கிடக்கும் கருஞ்சேற்றை வாரி எடுக்க வேண்டும். பிறகு சரளை கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். நாங்கள் வந்தது சித்திரை வெயிலில். மிதித்து மிதித்து இறுகிய பாத்தியில் லோடு லாரி ஏறியும் சக்கரம் பதியவில்லை. லாரியைத் தாங்குகிற தரை வீட்டைத் தாங்காதா என்று நினைத்து, சேற்றை வாராமல், ரோலர் ஓட்டாமல் அப்படியே கொட்டினேன். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கடல்தண்ணீர் தேக்கும் பெரிய பள்ளமும் இருந்தது. அதில் ஆளை முழுங்கும் சேறு. வாரினால் ஒரு மாசம் போகும், கூலியோ லோடு கணக்கு. சேற்றின் மேலேயே கொட்டி மூடினேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ரம்யாவின் முகம் வெளுத்தது. "அந்தப் பள்ளம் எங்கனப்பா?"

ஜன்னல் வழியாக, முடிந்த கட்டடத்தின் பக்கம் கையை நீட்டினேன். அதன் பால்கனியில் யாரோ குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அவள் ஃபைலை மூடினாள். "அட்வான்ஸ் போனா போவுது. நமக்கு வேண்டாம்." மறுபடி அந்தப் பால்கனியைப் பார்த்தாள். பிறகு, "அங்கன முப்பத்திரண்டு வீட்லயும் ஆளு இருக்குப்பா. அவங்கள்ட்ட யாரு சொல்லுவா?"

"கேஸு, கோர்ட்டுன்னு வந்துட்டா என் கதி என்னளா?"

"எந்திரிங்க."

தரைத்தளத்தில் முதல் வீட்டு வாசலில் கோலம் ஈரம் காயாமல் இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. ரம்யா காலிங் பெல்லை அழுத்திவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.