நோக்கம்: தூய்மைப் பணி

கொத்தனாரின் முதுகுப் புண் குழி விழத் தொடங்கியிருந்தது. சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு போய்விட்டது. அரசு மருத்துவமனையின் ஆண்கள் பிரிவில் கடைசிக் கட்டிலில் கிடந்தார். ஏனென்று கேட்க ஆள் இல்லை. என் அக்காதான் தினமும் போய் மலம் எடுத்து, வெந்நீரில் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வருவாள். அத்தான் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து போனவர். அவருக்குச் செய்து பழகிய கைக்கு அதற்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியவில்லை.

புதிதாக வந்த தலைமை மருத்துவர் அதை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? பதிவு பண்ண அமைப்பா வாங்க. என்ன செய்யப்போறீங்கன்னு நோக்கத்துல எழுதியிருக்கணும். எழுதியிருக்கிறதைச் செய்ய அனுமதி தர்றேன்."

ஆகவே சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். அக்கா, நான், எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்று மூவர் சேர்ந்தோம். மிச்சத்தை அத்தானின் தம்பி பூர்த்தி செய்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவருக்கு 'மேனேஜர்' என்றுதான் பெயர். தம் மனைவியையும், காலையில் கூட நடக்கும் நண்பர்கள் இருவரையும் அழைத்து வந்து, தாமே தலைவரானார். சங்கத்துக்குத் தம் அண்ணன் பெயரையே வைத்தார். எழுத்து வேலை பழக்கம் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

விதிகளை அவர் வீட்டுக் கூடத்தில் வைத்து வாசித்தேன். "நோக்கம்: ஆதரவற்ற நோயாளிகளின் மலம், சிறுநீர் அகற்றி, உடல் துடைத்து, படுக்கைப் புண்களைப் பராமரித்தல்" என்று படித்ததும் மேனேஜர் கையைத் தூக்கினார்.

"என்ன மாப்ள இது? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல குடுக்கிற பேப்பர்ல மலமா?"

"வேலை அதுதானே சார்."

"வேலை அதுதான். சொல்றதுக்கு ஒரு முறை இருக்குல்ல? காலையில எழுந்து நாம என்ன செய்யறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கோம்?"

நண்பர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். "இப்பத்தான் சாப்பிட்டு உக்காந்தோம். கேக்கவே குமட்டுதுக்கா."

"பேப்பர்லதானே இருக்கு? பேப்பர் நாறாது" என்றாள் அக்கா.

மேனேஜர் என் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு 'தூய்மைப் பணி' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தாமே ரசித்தார்.

"தூய்மைப் பணின்னா பெருக்கித் தொடைக்கிறதுன்னுதான் படிப்பாங்க சார்" என்றேன்.

"படிக்கிறவன் புரிஞ்சுக்குவான். நீ லெட்டர் எழுதற ஆளு, உனக்கு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கணும்."

ஏழில் நான்கு கைகள் உயர்ந்தன. அப்படியே பதிவாயிற்று.

தலைமை மருத்துவர் சான்றிதழையும் விதிகளையும் நிதானமாகப் படித்தார். "தூய்மைப் பணி. நல்லது. வராந்தாவையும் படிக்கட்டையும் எடுத்துக்குங்க."

"வார்டுக்குள்ள போகணும் டாக்டர். கொத்தனாருக்கு…" என்றாள் அக்கா.

"நோயாளியத் தொடறதுன்னு இதுல எங்கயும் இல்லையேம்மா."

மேனேஜருக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி, கையுறை, புதுத் துடைப்பம் வாங்கி வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். துப்புரவு வேலை செய்யும் அம்மா அப்போதுதான் வராந்தாவைத் துடைத்து முடித்திருந்தார்.

"சார், ஈரம் காயல, மிதிக்காதீங்க."

"ஒரு நிமிஷம்மா, ஃபோட்டோதான்."

ஈரத்தின் மேல் செருப்போடு ஏறி நின்றார்கள். பளிச்சென்று இருந்த தரையைப் புதுத் துடைப்பத்தால் பெருக்கி, சேறாக்கினார்கள். அக்காவை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வார்டுக்குள்ளிருந்து கொத்தனாரின் குரல் கேட்டது: "யம்மா… வந்துட்டியா? திருப்பி விடும்மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கேமராவைப் பாருங்க" என்றார் புகைப்படக்காரர்.

  வராந்தாவைச் சேறாகவே விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

நோக்கத்தைத் திருத்தச் சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று கேட்க, மறுநாள் மேனேஜர் வீட்டுக்குப் போனோம்.

"இப்ப எதுக்கு மாத்தணும்? ஃபோட்டோ பார்த்துட்டு எத்தனை பேரு கூப்பிட்டுப் பாராட்டறாங்க தெரியுமா? அண்ணன் பேருல இருக்கிற சங்கம் அண்ணி இது. அண்ணன் பேருல மலத்தைப் பூசணுங்கறீங்களா?"



"உங்க அண்ணன் கிடந்தப்ப நீங்க வாசப்படியிலயே நின்னு பார்த்துட்டுப் போனீங்களே தம்பி, அப்ப அவரு மேல பூசியிருந்தது என்ன, சந்தனமா?" என்றாள் அக்கா.

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அதைவிட அசிங்கமான ஓர் ஓசையை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து விதிகளை மறுபடி படித்தேன். செயலாளரே கூட்டத்தைக் கூட்டலாம், இடத்தையும் முடிவு செய்யலாம் என்று இருந்தது. முறைப்படி அறிவிப்பு அனுப்பினேன். பொருள்: நோக்கத்தைத் திருத்துதல், நோயாளிகளைச் சந்தித்தல். இடம்: ஆண்கள் பிரிவு, கடைசிக் கட்டில் அருகில். நேரம்: பார்வையாளர் நேரம். பொய்யாக ஒரு சொல்லும் எழுதவில்லை. நோயாளிகளைச் சந்திப்பது என்ற வரி மட்டும் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மேனேஜர் பக்கத்து நால்வரும் சலவைச் சட்டையும் பட்டுமாக, புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார்கள்.

அது கொத்தனாருக்குக் கட்டுப் பிரிக்கும் நேரம். நர்ஸ் அவரைத் திருப்பிப் பஞ்சை உருவினார். வாடை கட்டிலைத் தாண்டி எழுந்து வந்தது. புகைப்படக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். மேனேஜரின் முகம் வெளுத்தது. கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது: "சீக்கிரம் மாப்ள, எங்க கையெழுத்து?"

"தீர்மானத்தை வாசிச்சுட்டுத்தான் சார் போடணும்."

"போட்டுத் தொலைக்கிறேன்னு சொல்றேன்ல!"

நான் வாசித்தேன். மலம் என்பதை மலம் என்றே, நிறுத்தி வாசித்தேன். அவர் மனைவி வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தார். நண்பர்கள் தாளைச் சுவரில் வைத்து, வரியைப் பார்க்காமலேயே கிறுக்கினார்கள். மேனேஜரும் போட்டார். ஓங்கரித்துக்கொண்டு திரும்பி வந்த அவர் மனைவி நால்வரில் கடைசியாகப் போட்டார். தையல்காரம்மாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மனசுக்கு எட்டாத விஷயம் அந்த நால்வருக்கு மூக்கு வழியாக எட்டியது.

பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் ஏறி, முத்திரையோடு கைக்கு வர மேலும் நாளாயிற்று. தலைமை மருத்துவர் படித்தார். "இப்பத் தெளிவா இருக்கு" என்று அனுமதி எழுதினார்.

அக்கா தண்ணீரைச் சூடாக்கிக் கொண்டுபோனாள். உதவிக்கு நானும் போனேன். நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எலும்பு தெரியுதும்மா. உங்களை நிறுத்தினப்ப இவ்வளவு ஆழம் இல்ல."

அக்கா தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்தாள்.

"யம்மா, அன்னிக்கு வந்தாங்களே பெரிய மனுசங்க, ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கலையே?" என்றார் கொத்தனார், தலையணையில் முகம் புதைந்தபடி.

"பாத்திருந்தா உங்களுக்குத் திருஷ்டி பட்டிருக்கும். கையை இப்படி வைங்க."

அவர் சிரித்தார். சிரித்ததில் புண் அசைந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்திருந்த நான் முகத்தைத் திருப்பினேன்.

"டேய்" என்றாள் அக்கா. "தண்ணி சிந்துது பாரு. இங்க பாத்துப் பிடி."

பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.