ளகரம் செய்த வேலை

கோவில்பட்டிக் கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தால் முதலில் மோப்பம் பிடிக்கிறவர் சோலைராஜ்தான். கதைப் புத்தகத்தைக் கையால் தொடமாட்டார்; அதெல்லாம் வேலையற்றவர்களுக்காம். வானநூல், தேனீ வளர்ப்பு, பல் மருத்துவம், பாங்கு நிர்வாகம் எதையும் விடமாட்டார். விடமாட்டார் என்றால், முன்னுரையை விடமாட்டார். அதைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. அந்த நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு டீக்கடையில் வாரம் முழுக்கப் பேசுவார்.

அவருக்கு ஒரே ஆசை. வாசகர் வட்டத்துக்குத் தலைவராகி, நூலகத்தின் கைவைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புதுப் புத்தகம் ஒன்றைப் பற்றி அவர் பேசுவதாகவும், பேச்சு முடிந்ததும் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாகவும் ஏற்பாடு.

"அண்ணாச்சி, எதைப் பத்திப் பேசுதீங்க?" என்று நூலகர் அப்துல் ரவூப் கேட்டார்.

"உளவியல்" என்றார் சோலைராஜ்.

மனோதத்துவம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. புத்தக அட்டையில் இருந்த புதுச் சொல்லை எடுத்து வீசிப் பார்க்க ஆசை. இந்தக் கரிசல் சீமையிலோ மழையும் மளைதான், உழவும் உளவுதான். ரவூப் வாசல் கரும்பலகையில் 'உழவியல்' என்று மணிமணியாக எழுதி வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கூடம் கொள்ளாத கூட்டம். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்துகூட ஏர் பிடிக்கிற சம்சாரிகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மேல்துண்டைச் சரிசெய்தபடி வந்த சோலைராஜ் பலகையைப் பார்த்தார். எழுத்துப் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும், நாற்காலியும் கூடவே போய்விடும். தெரிந்ததைப் பேசத் தொடங்கினார்.

"அடியில போட்டு அமுக்குனது ஒருநாள் மேல வந்தே தீரும்."

முன்னுரையில் அது ஆசைகளைப் பற்றியது. சம்சாரிகள் விதையை நினைத்துத் தலையாட்டினார்கள்.

"இளசுல பட்ட காயம் கடைசி வரைக்கும் ஆறாது."

"களைவெட்டி பயிர்ல படுறதைச் சொல்லுதாவ" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் பக்கத்து ஆளுக்கு விளக்கினார்.

"மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு தோண்டிப் பாக்கணும்."

"கிணத்தைச் சொல்லுதாவ."

தோண்டத் தோண்டக் கைதட்டல். தான் பேசுவது உழவுதானோ என்று சோலைராஜுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சு முடிந்ததும் வெயிலுமுத்து என்ற பெரிய சம்சாரி எழுந்தார். சோலைராஜ் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"இம்புட்டு விவரம் தெரிஞ்சவியள நாற்காலியில உக்கார வச்சு வீணாக்கலாமா? அண்ணாச்சிக்கு ஊருக்கு மேக்க கரிசக்காடு சும்மாத்தான கெடக்கு. அங்கன அவியளே ஏர் புடிச்சு நமக்குச் செஞ்சு காட்டட்டும். நாளைக்கே மாடு கொண்டாரேன். தலைவரா வேற யாரையாவது போட்டுக்கிடலாம்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த கருப்பட்டி வியாபாரி அபுதாஹிரை எழுப்பித் தலைவராக்கினார்கள். அவர் வாழ்நாளில் ஒரு முன்னுரைகூடப் படித்ததில்லை.

சோலைராஜுக்கு அழுகை முட்டியது. பேசியது மனசைப் பற்றி என்று சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கலப்பை.

மறுநாள் காட்டோரம் நெடுகக் கூட்டம். ஏர் பூட்டித் தயாராக நின்றது. எங்கே நிற்பது என்று தெரியாமல் சோலைராஜ் மாடுகளுக்கு முன்னால் போய் நின்றார்.

வெயிலுமுத்து கூட்டத்தை அதட்டினார்.

"ஏலே, யாரும் சிரிக்கக் கூடாது. இது புது முறையா இருக்கும்."