சின்ன பேட்டரி

"பெரிய பேட்டரி ஃபுல்லுனு நேத்து காட்டுச்சே, அப்புறம் ஏன்டி வண்டி எழும்ப மாட்டேங்குது?"

அம்மா என்னிடம் இதைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிங்கப்பூர் பாசிர் ரிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில். பொத்தானை அழுத்தி அழுத்தி அவர் கட்டைவிரல் சிவந்திருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். எழுந்து நின்று பேசச் சொல்வார்கள் என்ற பயத்திலேயே உயர்நிலை மூன்றில் பள்ளியை விட்டவள் நான்.

பயணிகளை ஏற்றி அம்மா ஓட்டுவது பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் கார். அதீஃப் அண்ணனிடம் வாடகைக்கு எடுத்தது. அவர் வந்து, கையோடு கொண்டுவந்த பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் காரை எழுப்பினார். கை வேலை செய்ததைவிட வாய் அதிகம் வேலை செய்தது.

"விசாலாட்சியக்கா, ரெண்டு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. இது காரா, கைக்குழந்தையா? நீங்க ஹெட்லைட்ட அணைக்காம வீட்டுக்குப் போயிடுறீங்க லா."

"சத்தியமா அணைச்சேன்பா."

"அந்த ஹெட்லைட்டும் பாருங்க, தே தாரிக் டீய ஊத்தி வச்ச மாதிரி மஞ்சளா. பேசஞ்சர் கம்ப்ளெய்ன்ட் வேற." கொஞ்சம் குரலைத் தணித்தார். "அடுத்த செவ்வாய் காலையில வரேன்க்கா. அன்னைக்கும் எழும்பலனா வண்டிய எடுத்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. பொங்கோல்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கார் போனால் அம்மா மறுபடியும் ஜாலான் புசார் ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கப் போக வேண்டும். அந்த வேலையில்தான் அவருடைய முட்டி வீணாகியது.

அன்று முழுக்கக் கைப்பேசியில் தேடிப் படித்தேன். காரை ஓட்டுவது பெரிய பேட்டரி. ஆனால் அதை எழுப்புவது பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி. கதவுப் பூட்டு, முன்விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. சின்னது வற்றினால், பெரியதில் எவ்வளவு இருந்தாலும் கார் அசையாது.

அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. யாருக்கும் தெரியாது. மழை, லிஃப்டில் கேட்ட பேச்சு, கார் எழும்பாத நாள் எல்லாம் அதில் உண்டு. புரட்டிப் பார்த்தேன். கார் எழும்பாத நாள் அத்தனையும் செவ்வாய். அம்மா ஞாயிறு மதியம் காரை நிறுத்தினால் திங்கள் ஓய்வு; செவ்வாய்தான் எடுப்பார். முதல் முறை நின்றது தைப்பூசத்துக்கு அடுத்த வாரம்.

தைப்பூசத்தன்றுதான் சிராங்கூன் ரோட்டுக் கடையில், காரின் முன்பக்கம் வைக்க அந்த முருகன் சிலையை வாங்கினோம். வேலைச் சுற்றிக் குட்டி பல்புகள், உள்ளே ஓம் சொல்லும் பெட்டி. விளக்கு ஒரு நொடிகூட அணையக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், அம்மாவின் தம்பி குமரன் மாமா அதைக் கார் பூட்டியிருந்தாலும் மின்சாரம் வரும் ஒயரில் இணைத்துவிட்டார். ஓம் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தார்கள். நான் மறுபடி வகுப்பில் உட்காரும்வரை அது எரிய வேண்டும் என்று வேண்டுதல். அம்மா என்னிடம் சொல்லவில்லை. போனில் தன் தோழி சாமுண்டீஸ்வரி ஆன்ட்டியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்காக எரியும் விளக்கை நானே எப்படி அணைக்கச் சொல்வது?

முதலில் நிச்சயம் செய்துகொள்ள நினைத்தேன். ஜாலான் புசாரில் ஒரு வன்பொருள் கடையில் வாய் பேசாமல் விரலை நீட்டிக் காட்டியே, வோல்ட் பார்க்கும் மீட்டர் ஒன்றும் மெல்லிய உப்புத்தாளும் பாலிஷும் வாங்கினேன். ஞாயிறு மதியம் அம்மா காரை நிறுத்தியதும் அளந்தேன்: 12.6. பிறகு முன்விளக்குக் கண்ணாடியில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். பால் மாதிரி மஞ்சள் நீர் வழிந்தது. பாலிஷ் போட்டு முடிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது.

திங்கள் மாலை அளந்தபோது 11.8. இன்னும் ஓர் இரவு போனால் தீர்ந்தது.

அம்மாவைக் கீழே அழைத்து வந்து, நோட்டை விரித்து நீட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக.

"மூக்குக்கண்ணாடி மேல வீட்டுல இருக்குடி. நீயே சொல்லு."

நோட்டை மூடினேன். "முருகன் விளக்கும்மா."

"முருகன் என்னடி பண்ணாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. அந்த லைட்டுதான் குடிக்குது. வண்டி ஓடுறப்ப பெரிய பேட்டரி சின்னதுக்குக் கொடுக்கும். நிறுத்திட்டா கொடுக்காது. ரெண்டு நாள் எரிஞ்சா சின்னது காலி."

அம்மா காருக்குள் உட்கார்ந்தார். முருகனின் வேலில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"அது உனக்காகப் போட்டது."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"கோயில்லயே ராத்திரி நடை சாத்துறாங்கல்ல? நீங்க தூங்குறப்ப அவரும் தூங்கட்டுமே. வண்டி ஓடுறப்ப மட்டும் எரிய வைக்கலாம். அப்ப மட்டும் கரண்ட் வர்ற சாக்கெட் முன்னாடி இருக்கு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ பேச்சு எங்கடி வச்சிருந்த?"

முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒயரை அவரே பிடுங்கினார். பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கார் எழும்பியது. சின்ன பேட்டரி நிரம்பட்டும் என்று கடற்கரைவரை போய் நெடுநேரம் சுற்றினோம். ஆனாலும் இத்தனை முறை வற்றிப்போன பேட்டரி, ஓர் இரவு தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அதீஃப் அண்ணன் வந்தார். "அக்கா, சாமானெல்லாம் எடுத்தாச்சா?" என்று சிரித்தபடியே சாவியை வாங்கினார். உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

சத்தமே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் பச்சை எழுத்தைப் பார்த்தேன்: ரெடி. மின்சாரத்தில் எழும்பும்போது இந்தக் காருக்குச் சத்தம் கிடையாது. எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன.

அணைத்தார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறையும் எழும்பியது. இறங்கி வந்து முன்விளக்குக் கண்ணாடியை விரலால் தடவினார்.

"இவதான்," என்று அம்மா என் தோளில் கை வைத்தார்.

அதீஃப் அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.