பத்து நிமிட விளக்கு

நிழலில் மாட்டிக்கொண்டால் நெற்பயிர் என்ன செய்யும்? வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளரும், வெளுக்கும், கடைசியில் சாயும். அந்தத் தவிப்பைத் தூண்டும் மரபணுவை அடக்கிவிட்டால் பயிர் குட்டையாக நிமிர்ந்து நிற்கும், நெருக்கி நடலாம் என்று கண்டுபிடித்தவள் நெல் ஆராய்ச்சிக்காரியான அவள். அதோடு சும்மா இருந்தாளா? விதை கைக்கு வந்ததுமே அண்ணனிடம் கொடுத்து நடச் சொன்னாள். தங்கை சொன்னால் வேதவாக்கு அவருக்கு. ஒரு பாத்தி விடாமல் அதையே நட்டுவிட்டார். வேறு வயலும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை.

நட்டு ஒன்றரை மாதத்தில் மேகம் மூடியது. இரண்டு வாரமாக வெயில் தலைகாட்டவில்லை, பகலிலேயே விளக்கு போட வேண்டிய இருட்டு. பயிர் நன்றாகத்தான் நிற்கிறது என்று அண்ணன் போனில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

இரண்டு வார விடுப்பு முடிந்து அன்று காலைதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, நிழலில் பயிர் எப்படி வளர்கிறது என்று சோதிக்கும் இருட்டறையைத் திறந்தாள். இருட்டறை என்று பேர்தான், மங்கலாக ஒரு விளக்கு எரியும். இடப்பக்கத் தொட்டிகளில் சாதா நெல், ஒட்டடைக்குச்சியாய் வளர்ந்து கிடந்தது. வலப்பக்கம் அவளுடைய நெல், பச்சைப்பசேலென்று ஒரே உயரத்தில் நின்றது. ஆசையாகப் பிடித்துப் பார்த்தாள். குருத்து கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக அழுகியிருந்தது.

பூச்சியாக இருக்கும் என்று அடுத்ததை இழுத்தாள். அதுவும் வந்தது. தொட்டி முழுக்க அதே கதைதான், பூச்சி துளைத்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. சாதா நெல்லை இழுத்தாள். சோனியாக இருந்தாலும் குருத்து அசைந்து கொடுக்கவில்லை.

அப்படியானால் விளக்கில்தான் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எதை மாற்றினீர்கள் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். எதையும் மாற்றவில்லையாம். போட்டோ எடுக்கப் போடுகிற பெரிய பல்பு மட்டும் அவள் விடுப்பில் போன அன்றே போய்விட்டதாம். போட்டோதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம்.

தினமும் காலையில் போட்டோவுக்காக அந்தப் பல்பைப் பத்து நிமிடம் போடுவார்கள். மூன்று வருஷமாகப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒருவரும் அதைக் குறித்து வைக்கவில்லை. படித்தவர்களுக்கே வரும் மடத்தனம் இது! அந்தப் பத்து நிமிடத்தில்தான் பயிர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அடக்கிய மரபணுவுக்குப் பயிரை உயரமாக்குவது மட்டும் வேலையில்லை. வெளிச்சம் குறையும்போது தண்டில் சேமித்த மாவுச்சத்தைக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டியதும் அதுதான் போலிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே மேகம் இன்னும் தாழ இறங்கியிருந்தது. அண்ணன் வயலுக்கும் இரண்டு வாரமாகப் பத்து நிமிட வெயில்கூட இல்லை. அண்ணனை அழைத்தாள். வயலில்தான் இருந்தார். பக்கத்து வயல்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், ஒன்றுகூடச் சாயவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"அண்ணா, ஒரு குருத்தைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க."

"எதுக்கும்மா?"

"இழுங்கண்ணா."

சேற்றில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குருத்தை உருவும் மெல்லிய சத்தம். மறுபடி சேற்றுச் சத்தம், மறுபடி ஓர் உருவல். அவர் நடந்துகொண்டே போனார். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

கடைசியில் குரல் வந்தது. அதில் கோபமே இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எல்லாமே கையோட வருதும்மா. இன்னும் எத்தனை இழுத்துப் பாக்கணும்?"