ஒரு வருஷம் போடாத குலவை

மதினி புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று, பால் பொங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. குலவை என்றால் சேரன்மகாதேவியில் எங்கள் தெருவே முத்துராணியைத்தான், அதாவது என்னைத்தான் கூப்பிடும். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் இசக்கிச்செல்வி. தம்பி பெண்டாட்டிதான் முதல் குலவை போட வேண்டும் என்று என்னை அடுப்புப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. "வயித்தெரிச்சல் பிடிச்சவ" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. அதோடு பேச்சு நின்றது.

வயிற்றெரிச்சலாவது மண்ணாவது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு இருமினால், தும்மினால், சிரித்தால்கூட எனக்குச் சொட்டிவிடும். குலவை போட்டால் சேலையே நனைந்துவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். நடவுக்குப் போனால்கூட ஒரு மடக்குதான். கடைசியில் நீர்க்கடுப்பு வந்து சுருண்டபோதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் அனுராதாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன்.

"தண்ணிய நிறுத்தப்பிடாதுக்கா. பிள்ள பெத்ததுல அடிவயித்துக்குக் கீழ சதை தளந்துபோச்சு, அவ்வளவுதான். மூத்திரத்த அடக்குத மாதிரி இறுக்கிப் பிடிங்க, அஞ்சு எண்ணுங்க, பைய விடுங்க. தெனமும் மூணு வேளை. மூணு மாசத்துல தெரியும்."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அடுப்படியில், வயலில், பஸ்ஸில் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காம் மாதம் தும்மலுக்குப் பயம் போனது. குலவையை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

இன்று அம்மன் கோவில் கொடை விழா. பொங்கல் பானையைச் சுற்றி எங்கள் வீட்டுப் பெண்கள். மதினி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல வெட்கத்தில் உடம்பு கூசியது.



"ஏட்டி, ஒரு வருசம். இத எங்கிட்ட சொல்லப்பிடாதா? நான் உன்ன என்னவெல்லாம் பேசிட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்பவும் முழுசா சரியாப் போச்சான்னு தெரியாது மதினி. நனைஞ்சாலும் நனைஞ்சிரும்."

பானையில் நுரை கட்டியது. "யாரு குலவை போடுதது?" என்று ஒருத்தி கேட்டாள். மதினி என்னை முன்னால் தள்ளி, என் முதுகை ஒட்டி நின்றாள். முந்தானையை விரித்து என் இடுப்புக்குக் கீழே மறைத்துப் பிடித்தாள்.

"நீ போடு. நான் நிக்கேன்."

நுரை பானையின் விளிம்பைத் தொட்டது. நான் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாக்கைச் சுழற்றினேன்.