அந்த அறையில் இருந்தது யார்?

படித்துக்கொண்டே வந்த அக்கா மூன்றாவது பக்கத்தில் பேனாவை நிறுத்தினாள். முதல் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் சிரிக்கிறாரா என்று பார்ப்பது எனக்குத் தொழில் நோய்.

விஷயம் இதுதான். மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லிப் பிழைக்கிறவன் நான். பதினோரு வருடமாகிறது. வாரம் ஒரு பாட்காஸ்டும் உண்டு. வருகிற சனிக்கிழமை என் நிகழ்ச்சியை ஒரு கம்பெனி படம் பிடிக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு வருவது இதுதான் முதல் தடவை. ஜோக்கில் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. மாமனார் படிக்காமலே போட்டுவிட்டார். மனைவி நாலு இடத்தை அடித்துவிட்டுப் போட்டாள். பாக்கி அக்கா. அவள் போடாவிட்டால் கடைசி ஏழு நிமிடம் போய்விடும். அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் கம்பெனியே என்னைக் கூப்பிட்டது.

அது அப்பா இறந்த மத்தியானத்தைப் பற்றியது. ஆஸ்பத்திரி அறையில் நானும் அப்பாவும். அக்கா பசி தாங்காமல் கேன்டீனுக்குப் போயிருக்கிறாள். அப்பா கண்ணைத் திறந்து, "ஃபேனைக் குறை" என்கிறார். குறைத்துவிட்டுத் திரும்பினால் ஆள் போய்விட்டார். அடுத்த நிமிடம் அக்கா மூன்று சாண்ட்விச்சோடு உள்ளே வருகிறாள், அப்பாவுக்கும் சேர்த்து. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஸாரி" என்று கையை நீட்டுகிறார். ஆறுதலுக்குத்தான் என்று நானும் கையை நீட்டுகிறேன். அவர் கை என்னைத் தாண்டிப் போய், அக்காவிடமிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் பதினெட்டு விநாடி சிரிப்பு வரும். அளந்து வைத்திருக்கிறேன்.

நெட்டில் இதை நான் போட்டதில்லை. அக்கா என் நிகழ்ச்சிக்கு வந்ததும் இல்லை. கூப்பிட்டால் "டூட்டி" என்பாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சீட்டில் இருக்கும் பெயரும் சோதனைக் குழாயில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், யார் சிபாரிசோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"டேய், இதுல ஆள் மாறியிருக்கே" என்றாள்.

"எதுல?"

"கேன்டீனுக்குப் போனது நீ. ரூம்ல இருந்தது நான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இல்லக்கா. நான்தானே ஃபேனைக் குறைச்சேன்?"

"அந்த ரூம்ல ஏதுடா ஃபேன்? ஏசி ரூமு."

எனக்கு அந்த அறை இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. பச்சைத் திரை. ரெகுலேட்டரின் கறுப்புத் திருகு. மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பும்போது விரலில் தட்டிய சின்னத் தடங்கல். இதெல்லாம் எங்கிருந்து வந்தன? ஒவ்வொரு மேடையாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். முதன்முதலில் இதைச் சொன்னது ஒரு காபிக் கடை மாடியில், பதினாறு பேர் முன்னால். அன்று கேன்டீனுக்குப் போனவன் நான்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே இறங்கியதும் கூட இருந்த காமெடியன் சொன்னான்: "மச்சி, கதை நடக்குற எடத்துல நீயே இல்லியே. உள்ள போடா." அடுத்த வாரம் உள்ளே போனேன். சிரித்தார்கள். அதற்கப்புறம் நூற்றுப் பத்து மேடை. வெளியே வரவே இல்லை.

"மாத்தி எழுதிடட்டுமாக்கா?"

"எதுக்கு? நான் சாண்ட்விச் வாங்கப் போனேன்னு ஊரே சிரிச்சா எனக்கென்ன கொறஞ்சிடப் போகுது? அந்த டாக்டர் மூஞ்சிய அப்படியே எழுதியிருக்க." அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உடனே சரியாகிவிட்டது. "அப்பா என்ன சொன்னாருன்னு இத்தனை வருஷத்துல நீ ஏண்டா என்னைக் கேக்கவே இல்ல?"

பாட்காஸ்டில் இதுவரை தொண்ணூற்று நான்கு பேரிடம் அவரவர் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். லாரி டிரைவர், மூளை டாக்டர், திருந்திய பிக்பாக்கெட் ஒருவர். 'கடைசியா என்ன பேசினார்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அக்காவைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

"என்ன சொன்னாரு?"

"சொன்னா, சனிக்கிழமை மேடையில சொல்லிடுவியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மண்டையின் ஒரு மூலை, ஃபேன் இருந்த இடத்தில் வேறு எது பொருந்தும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"தெரியலக்கா."

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒழுங்கா ஒரு பதில் இப்பதான் சொல்லியிருக்க" என்றாள். கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் போட்டாள்.

வந்த வேலை முடிந்தது. கவரில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எழுந்திருக்க முடியவில்லை.

"வாயால சொன்னா உனக்கு வெளங்காது. எந்திரி" என்றாள் அவளே. டீப்பாயை நகர்த்தினாள். சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தாள். "கட்டில் இப்படித்தான் கெடந்துச்சு. ஜன்னல் அந்தப் பக்கம். படு."

"நானா?"

"பின்ன? நான் சேர்ல இருந்தேன். நீ அப்பா."

படுத்தேன். சோபா குட்டை, முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் வயிற்றின்மேல் கைகளைக் கோத்தேன். அவள் ஒரு கையைப் பிரித்துக் கீழே தொங்கவிட்டாள்.

"என்னைப் பாக்காத. ஜன்னலைப் பாரு."

"எவ்வளவு நேரம்க்கா இப்படி..."

"பேசாத. அப்பா இன்னும் பேச ஆரம்பிக்கல."

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில் யாரோ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. தொங்கிய என் கையை அக்கா எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இன்னொருவர் கையை இறுகப் பிடித்திருப்பதுபோல் வைத்தாள்.

"அப்படியே வச்சுக்க" என்றாள். "விட்டுடாத."