சந்தனத்தின் கட்டைவிரல்

சந்தனத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து புருஷனின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடியும் தொடுவாள்.

"பொழுதுக்கும் தடவுறியே, காலு தேஞ்சு போயிரும்டி" என்பான் வீரய்யா.

அவனுக்கென்ன, வாய் இருக்கிறது, பேசுவான். பீடி குடித்துக் குடித்துக் காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைபட்டு, விரல் கறுக்க ஆரம்பித்தபோது அழுதவன்தானே. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவன் தொடையிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓடும்படி தைத்தார்கள். ஊருக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சந்தனத்தைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"புதுக் குழாய் ஆரம்பத்துலயே அடைச்சுக்கிறதும் உண்டும்மா. பாதத்து மேல ரெண்டு விரலை வச்சுத் தினமும் பாரு. துடிப்பு நின்னா அன்னைக்கே கிளம்பி வந்துடணும். தாமதிச்சா காலை எடுக்கும்படி ஆயிடும்."

இரண்டு விரலை வைத்துத்தான் முதலில் பார்த்தாள்; ஒன்றும் தட்டுப்படவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு வெந்து காய்த்துப்போன விரல்கள். நெருப்பைத் தொட்டாலும் யோசித்துத்தான் சொல்லும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களுக்கெல்லாம் இதே கதிதான். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது. அதை வைத்து அழுத்தினாள். டக் டக்கென்று துடித்தது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"துடிக்குது மச்சான்."

பாதம் சில்லென்று இருந்தது. மார்கழியில் ஊரே சில்லென்றுதானே கிடக்கிறது என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

கட்டு மாற்றப் பஸ் ஏறிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்சம்மா பாதத்தில் கைவைத்தாள். அங்கிட்டும் இங்கிட்டும் தடவினாள். முகம் மாறிவிட்டது.

"துடிப்பே இல்லையே. எப்ப நின்னுச்சு?"

"காலையிலகூடத் துடிச்சுச்சுங்க. இந்தா, இப்பவும் துடிக்குதுல்ல" என்று சந்தனம் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள்.

நர்சம்மா அந்தக் கையைப் பிடித்து, அதே கட்டைவிரலை மரப் பெஞ்சின் மேல் அழுத்தினாள். பெஞ்சும் துடித்தது.

"அது ஒன் வெரல்ல ஓடுற ரத்தம்மா. ஒடனே மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

சந்தனம் புருஷனைப் பார்த்தாள். "ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா மச்சான்? ஒரு வார்த்தை சொல்லலையே."

"முந்தாநாள்லேருந்தே மரத்துத்தான் கெடக்கு" என்றான் வீரய்யா. "நீதான் துடிக்குதுன்னு சொன்னியே. அதான் சும்மா இருந்துட்டேன்."